திருகு யார் கையில்?

(ஏரலில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ரேடியோ மெக்கானிக் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இசையைப் பற்றிப் பேசணும்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு முன்னால் பேசிய தோழர் பண்பாட்டு அரசியல், கட்டுடைப்பு என்று நிறையச் சொன்னார். எனக்குத் தெரிந்த கட்டுடைப்பு நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவதுதான். முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதனால் கழற்றிய பிறகு உள்ளே என்ன பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் கையில் இருக்கிற சாமானைப் பாருங்கள். சின்ன வட்டம், மேலே ஒரு தண்டு, கீழே மூன்று கால். கடையில் போய் 'வால்யூம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். 'பாட்' என்றும் சொல்வோம். பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கு முழுப்பெயர் தெரியும், பொட்டென்ஷியோமீட்டர். புத்தகத்தில் மின்னழுத்தமானி. லேபில் பத்து மீட்டர் கம்பியைப் பலகையில் வரிசையாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஜாக்கியால் கம்பியைத் தொட்டுத் தொட்டு, கால்வனாமீட்டர் முள் எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்த்து, இரண்டு மின்கலத்தை ஒப்பிட்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். அந்தச் சாமானும் இந்தச் சாமானும் ஒன்றுதான். நீளக் கம்பிக்குப் பதிலாக இதற்குள் வளைந்த ஒரு கார்பன் பட்டை இருக்கிறது. உங்கள் ஜாக்கிதான் இதன் நடுக்கால். தண்டைத் திருகினால் நடுக்கால் பட்டை மேல் நகரும்.

ஓரத்தில் இருக்கிற இரண்டு காலுக்கும் நடுவே தடை மாறாது. பத்து கே என்றால் பத்து கே, ஒரு மெக் என்றால் ஒரு மெக். நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையில் உள்ள தடைதான் மாறும். மின்தடை என்றால் நம்ம ஊரில் கரண்ட் கட். நான் அதைச் சொல்லவில்லை. ஓடுகிற மின்சாரத்தை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் தடை. எவ்வளவு இழுத்துப் பிடிக்கணும் என்பதை இந்தத் தண்டைப் பிடித்திருக்கிறவன் முடிவு பண்ணுகிறான். இதற்குப் பதிலாகப் போர்டில் ஒரு சின்ன ரெசிஸ்டரை ஈயம் வைத்து ஒட்டியிருந்தால், கம்பெனிக்காரன் எப்பவோ முடிவு பண்ணிவிட்டான் என்று அர்த்தம். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலுக்குள் வந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலத்து ரோடு அறுந்து, கரண்ட் இல்லாமல், போன் இல்லாமல் கிடந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு என் கடை வாசலில் மிக்ஸியும் டிவியும் ஆம்ப்ளிஃபயரும் சேற்றோடு அடுக்கிக் கிடந்தன. அதற்கு நடுவில் ஒரு பையன் டிரம் பேட் ஒன்றைக் கொண்டுவந்தான். சேர்மன் கோயில் ஆடி அமாவாசைக் கடையில் வாங்கியது. எட்டு ரப்பர் வட்டம், நாலைந்து ரிதம், உள்ளே மூன்று பேட்டரி. விளையாட்டுச் சாமான்தான், ஆனால் முறையாகச் சொன்னால் அதுவும் ஒரு டிஜிட்டல் டிரம் மிஷின்.

திறந்து, தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பேட்டரி போட்டேன். ரிதம் வந்தது, ஆனால் ஆள் மாறி வந்தது. சுள்ளென்று விழுந்த ஸ்நேர் தொப்பென்று விழுகிறது. கிக் சத்தம், ஆத்துக்கு அக்கரையில் பெரிய மேளம் அடிக்கிற மாதிரி கேட்கிறது. நடையும் பாதியாகத் தளர்ந்து போச்சு. நான் மீட்டரை எடுத்தேன். பையன் என் கையைப் பிடித்தான். "மாமா, இது நல்லாருக்கு. சரி பண்ணிராதீங்க."

இருந்தாலும் காரணம் தெரியணுமே. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, மஞ்சள் கோடு போட்ட ஒரு ரெசிஸ்டர். கணக்குப்படி 220 கே. அதன் ஒரு கால் துருப்பிடித்து, மீட்டர் 500 கேக்கு மேல் காட்டியது. விஷயம் அங்கேதான் இருந்தது.

டிஜிட்டல் மிஷினுக்குள் தோலும் கிடையாது, குச்சியும் கிடையாது. யாரோ ஒருவர் ஒரு நாள் அடித்த அடி எண்களாக மாறி ஐ.சி.க்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு துடிப்பு வந்தால் ஒரு எண்ணை வெளியே எடுக்கும், அடுத்த துடிப்புக்கு அடுத்த எண். துடிப்பு வேகமாக வந்தால் சத்தம் கீச்சென்று மேலே போகும், மெதுவாக வந்தால் கனத்துக் கீழே இறங்கும். இந்த மாதிரி மலிவான சாமான்களில் அந்தத் துடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ரெசிஸ்டர். தடை இரண்டு மடங்கானால் வேகம் ஏறக்குறையப் பாதி. இசைக் கணக்கில் ஒரு ஸ்தாயி கீழே. வெள்ளம் அந்த ரெசிஸ்டரைத் தின்று, தடையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது.

இப்படி ஒரு சர்க்யூட்டைத் தற்செயலாகவோ வேண்டுமென்றோ தடம் மாற்றிப் புதுச் சத்தம் எடுப்பதற்கு அமெரிக்காவில் 'சர்க்யூட் பெண்டிங்' என்று பேர். ரீட் கசாலா என்பவர் 1966-67 வாக்கில், சின்சினாட்டி நகரத்தில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, மேசை டிராயருக்குள் மூடி இல்லாத ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் உலோகத்தில் பட்டு ஷார்ட்டாகி, சிந்தசைசர் மாதிரிச் சத்தம் போட்டதைக் கேட்டார். சிந்தசைசர் வாங்க அவரிடம் காசு கிடையாது. அந்த ஷார்ட்டையே பிடித்துக்கொண்டார். 1992-லிருந்து இதைப் பற்றி எழுதினார், பேரும் அவர் வைத்ததுதான். அவருக்கு டிராயர், நமக்குத் தாமிரபரணி.

சரி, செய்வது எப்படி? பையன்கள் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் ஒயர் இழுங்கள். 500 கே பாட் ஒன்று, அதோடு வரிசையாக 100 கே ரெசிஸ்டர் ஒன்று. இந்த 100 கே எதற்கு? பாட்டை ஒரு ஓரத்துக்குத் திருகினால் அதன் தடை சைபர் ஆகும். துடிப்பு தாங்க முடியாத வேகத்துக்குப் போய் ஐ.சி. திகைத்து நின்றுவிடும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிப் போட்டால்தான் எழுந்திருக்கும். அதனால் இதற்குக் கீழே போகாதே என்று ஒரு வரம்பு கட்டுகிறோம். இப்போது மொத்தத் தடை 100-லிருந்து 600 கே வரைக்கும் போய் வரும். பழைய சுருதி 220-ல் இருக்கும். 110-ல் ஒரு ஸ்தாயி மேலே, 440-ல் ஒரு ஸ்தாயி கீழே.

நடுக்காலையும் ஒரு ஓரக்காலையும் மட்டும் பயன்படுத்தினால் போதும். மிச்சமிருக்கிற ஓரக்காலைச் சும்மா விடாமல் நடுக்காலோடு சேர்த்து ஈயம் வையுங்கள். பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரவென்று கேட்குமே, பட்டை தேய்ந்து நடுக்கால் ஒரு நொடி தொடர்பு விடுவதால் வருகிற சத்தம் அது. காலைச் சேர்த்திருந்தால் அப்போதும் சர்க்யூட் அறுந்து போகாது, முழுத் தடையில் நிற்கும். மிஷின் செத்துப் போகாமல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டு வரும்.

இன்னொன்று, வாங்கும்போது முதுகில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். பி என்று போட்டிருந்தால் தடை சீராக ஏறும். ஏ என்று இருந்தால் முதலில் மெதுவாக, கடைசியில் வேகமாக ஏறும். அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்றது. நம் வேலைக்கு பி போதும், ஆனால் ஒரு குறை உண்டு. மேல் ஸ்தாயி முழுக்கக் கால் திருகலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கீழ் ஸ்தாயிக்கு அதைப்போல இரண்டு மடங்கு இடம். சி என்று ஒரு ரகம் இருக்கிறது, ஏ-க்கு நேர் தலைகீழ். கிடைத்தால் அதைப் போடுங்கள், இடம் சமமாகப் பங்காகும்.

இதெல்லாம் விளையாட்டுச் சாமான். மெல்லிசைக் குழுக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய மிஷினில் இந்த ரெசிஸ்டர் வேலை நடக்காது. பெரும்பாலும் துடிப்பு படிகத்திலிருந்து வரும், கைக்கடிகாரத்தில் இருப்பது மாதிரி. அது யார் சொல்லுக்கும் அசையாது. அதை எடுத்துவிட்டு எல்.டி.சி.1799 என்ற சின்ன ஐ.சி.யை வைக்கிற வழக்கம் உண்டு. அதன் துடிப்பை ஒரே ஒரு தடையை வைத்து 1 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 33 மெகா ஹெர்ட்ஸ் வரை மாற்றலாம். அந்த இடத்தில் பாட் போய் உட்காரும். ஆனால் மிஷினின் மூளைக்கும் அதே துடிப்புதான் என்றால் சுருதியோடு நடையும் மாறும், வேறு கருவியோடு மிடி ஒயரில் சேர்த்து ஓட்டினால் பேச்சு ஒத்துவராது. அந்த ஒயரில் நொடிக்கு 31,250 பிட் என்று வேகம் முன்னாலேயே பேசி வைத்தது.

அடுத்த வழி இன்னும் கலகமானது. ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.505 என்று 1986-ல் வந்த மிஷின். வளைக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளே பதினாறு சத்தம் எண்களாக இருக்கிறது. அந்த எண்கள் பக்கத்துப் பக்கத்துக் கம்பியில் ஒன்று, சைபர் என்று ஓடுகின்றன. இரண்டு கம்பியைத் தொட வைத்தால் எண் தப்பாகும், சத்தம் கிழியும். ஒயரால் தொட்டால் ஒரே அடியாக மாறிவிடும். நடுவில் பாட் வைத்தால்? இங்கே சின்ன மதிப்பு வேண்டும், 1 கே, 5 கே. அதோடு நூறு ஓம் ஒன்று காவலுக்கு. திருகிக்கொண்டே வாருங்கள். முக்கால் தூரம் ஒன்றுமே நடக்காது. கெட்டுப் போச்சு என்று நினைப்பீர்கள். ஓரிடத்தில் மட்டும், நூல் அளவு தூரத்தில், சத்தம் சிதறும், சேரும், மறுபடியும் சிதறும். ஒன்றா சைபரா என்று சிப்புக்கே சந்தேகம் வருகிற இடம் அது. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் தெரிந்த சாமானை யோசிக்க வைக்கிறது இந்த இருபது ரூபாய்த் திருகு. ஐ.சி.யைத் தொட்டுப் பாருங்கள். சூடேறினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த 505-ல் ஒவ்வொரு சத்தத்தின் சுருதியையும் மாற்ற ஏன் திருகு வைக்கவில்லை? முடியாது என்பதால் இல்லை. அதே கம்பெனி 1980-ல் விட்ட டி.ஆர்.808-ல் டாம் டாமுக்குச் சுருதித் திருகு இருந்தது. பம்பாய் சினிமாவில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-ல் அந்த 808-ஐ வைத்துத்தான் பத்து ராகங்களை டிஸ்கோ நடையில் பதிவு செய்தார். அப்போது யாரும் சீந்தவில்லை, 2010-ல் மறுபடி வெளியிட்ட பிறகு உலகமே வியந்தது. மிஷின் மலிவாக ஆக, முதலில் காணாமல் போவது திருகுதான். காசு குறைவாகக் கொடுக்கிறவனுக்கு முடிவெடுக்கிற உரிமையும் குறைவு.

நம் நாட்டிலும் பாருங்கள். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், புல்லாங்குழல் வாசிக்கிறவர், 1979-ல் மின்னணுச் சுருதிப் பெட்டி செய்தார். அவருடைய ராடெல் நிறுவனம் பின்னால் தபலா வாசிக்கிற பெட்டியும் கொண்டுவந்தது. அதில் சுருதிக்கு ஒரு திருகு உண்டு. ஏன்? பாடுகிற வித்வான், 'என் சுருதிக்கு வா' என்று பெட்டியைக் கேட்பார். அவரைப் பெட்டியின் சுருதிக்கு வரச்சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. அந்த மாதிரிப் பெட்டிகளை நான் நிறையத் திறந்திருக்கிறேன். தபலா உண்டு, மிருதங்கம் உண்டு. பறை இருந்த பெட்டி ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. அந்த மிருதங்கத்தின் தோலைச் சீவி, கட்டி, நாதம் சேர்த்துக் கொடுப்பவர்கள் யார் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். நாதம் சேர்த்த கைக்கு மேடையில் இடமில்லை என்பது புதுக்கதை இல்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தா கொட்டடித்தவர். இழவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகணும். எங்க அப்பா போகமாட்டேன் என்றார். 'இனி எவன் வீட்டுப் பிணத்துக்கும் என் கை அடிக்காது.' அதற்காக வயல் வேலை இல்லாமல் ஒரு வருஷம் கஷ்டப்பட்டோம். உங்களுக்கும் உங்கள் தெருவில் இப்படி ஒரு கதை இருக்கும். 1990-களில் இந்தக் கேள்வி பெரிதாகவே நடந்தது. அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் நம் ஆட்கள். மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் அதே பறையை மேடையேற்றியவர்களும் நம் ஆட்கள். நான் இரண்டு பேரையும் கும்பிடுகிறேன்.

அப்பா மறுத்துப் பல வருஷம் கழித்துப் பக்கத்து ஊர்க் கோயிலில் மின்சார மேளம் வாங்கினார்கள். மோட்டார் சுற்றும், குச்சி தன்னால் முரசில் அடிக்கும், மணியும் அடிக்கும். பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் அது பைத்தியம் பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பாட் எரிந்துபோயிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகம். நாலு பேர் சேர்ந்து அந்த மிஷினைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். "இங்கன வெளிச்சமா இருக்கும் பாத்துக்கிடுங்க" என்றார் ஒருவர். வெயிலில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். மறுபடி உள்ளே தூக்கிப் போனார்கள். மிஷினுக்குச் சாதி கிடையாது என்று நிறையப் பேர் பேசுகிறார்கள். உண்மைதான், மிஷின் உள்ளே போயிற்று.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கொட்டுக்காரன் போய் மிஷின் வந்தால் அடிமைத்தனம் போய்விடும் என்று அப்பா நம்பினார். ஆனால் வேகம் எவ்வளவு, சுருதி எவ்வளவு, எப்போது அடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடம் கைமாறவே இல்லை. அடிக்கிற கை மட்டும்தான் மாறியிருந்தது.

ஒரு தோழர் கேட்கலாம். 'நம்ம பறை இருக்கையில இந்தப் பிளாஸ்டிக் எதுக்கு?' நியாயமான கேள்வி. இன்னொன்றும் கேட்கலாம். 'பறைச் சத்தத்தை ஒரு நாள் ஸ்டூடியோவில் பதிந்து சிப்பில் போட்டுவிட்டால், அடித்தவனுக்கு ஒரு நாள் கூலி, அப்புறம் அவனைக் கூப்பிடவே வேண்டாமே?' அது இதைவிட நியாயமான கேள்வி. நான் மிஷினுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மேடைப் பறைக்காரருக்குப் பதிலாகப் பெட்டியை வைப்பதற்கு நான் ஆளில்லை. ஆனால் பெட்டி வந்துவிட்டது. அதை மூடியபடியே பார்த்துப் பயப்படுவதைவிட, திறந்து பார்த்துவிட்டுப் பேசுவது மேல். ஜமைக்காவில் கிங் டப்பி என்று ஒருவர், 1941-ல் பிறந்து 1989-ல் இறந்தவர், நம்ம தொழில்காரர். ரேடியோவும் டிரான்ஸ்பார்மரும் பழுது பார்த்த கறுப்பு மெக்கானிக். பதிவான பாட்டை மிக்ஸரில் போட்டுத் திருகித் திருகி, பாடகர் குரலை எடுத்து, தாளத்தை முன்னால் கொண்டுவந்து, 'டப்' என்ற இசையையே உண்டாக்கினார். வாத்தியம் எதையும் தொடவில்லை, திருகைத்தான் தொட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் அவரால் முடிந்தது.

அந்தப் பையன் கதையை முடிக்கிறேன். அவனுடைய டிரம் பேடில் 500 கே பாட் வைத்துக் கொடுத்தேன். பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி அவன் தெருவில் பறை பழகினார்கள். பனிக்காலம், தோல் தொய்ந்து கிடந்தது. பெரியவர் ஒருவர் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, பறையை அனலில் காட்டித் திருப்பித் திருப்பி, விரலால் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு திருகுதான். தீ கூடினால் தோல் இறுகும், சுருதி ஏறும். தீயிலிருந்து எடுத்து ஆற விட்டால் இறங்கும். எங்கே நிறுத்துவது என்பது அவர் காதுக்குத் தெரியும். எதிரே இந்தப் பையன் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெரியவர் ஒரு அடி அடித்தார். பையன் கீழே இறக்கினான். "இன்னும் கொஞ்சம்ல" என்றார். இறக்கினான். மறுபடி ஒரு அடி. இரண்டும் ஒன்றாக விழுந்தது.

மெல்லிசை மேடையில் நான் எத்தனையோ வருஷம் மைக்செட் போட்டிருக்கிறேன். அங்கே மிஷினின் சுருதிக்கும் நடைக்கும்தான் கொட்டுக்காரன் வந்து சேரணும். பறைக்கு மிஷின் வந்து சேர்ந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள். வீட்டில் கெட்டுக் கிடக்கிற பேட்டரிச் சாமான் எதுவானாலும் கொண்டுவாங்க. பெண்பிள்ளைகளும் வரணும், ஈயம் வைக்கிற வேலைக்கு ஆம்பிளைக் கை தேவையில்லை. வீட்டுக் கரண்டில் ஓடுகிற எதையும் திறக்காதீர்கள். 230 வோல்ட் தவறை மன்னிக்காது, இது விளையாட்டில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வளைக்காதீர்கள், திடீரென்று சத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். சின்ன ஸ்பீக்கர் போதும். முதலில் எது எங்கே போகிறது என்று நோட்டில் வரையுங்கள். அப்புறம் ஸ்க்ரூவை எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூவைத் தொலைக்காதீர்கள், திரும்ப மூடவும் தெரிந்திருக்க வேண்டும்.